சாட்சி சொன்ன நல்லெண்ணெய்

வைகைக் கரையின் வண்டல் நிலங்களில் நெல் அறுவடையான பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பி எள் தெளிப்பதும், மேட்டுப்பாங்கான செம்மண் புன்செய்களில் நிலக்கடலை போடுவதும், திருமங்கலத்தைத் தாண்டி விருதுநகர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் கரிசலில் பருத்தி விதைப்பதும் வழக்கமாக இருந்தமையால், மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் எண்ணெய் வித்துக்கள் வந்து குவியாத சந்தை அபூர்வம். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் காட்டும் நாளங்காடியும் அல்லங்காடியும் தின்பண்டங்களுக்குக் குறைவில்லாதவை. பகலில் விற்பது போதாதென்று இரவிலும் பண்டம் விற்ற நகரத்துக்கு எண்ணெயும் நெய்யும் எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வித்திலிருந்து எண்ணெயைப் பிழிந்த கதையைச் சொல்லச் செக்குகள் இருக்கின்றன, கல்வெட்டுகள் இருக்கின்றன. பிழிந்த எண்ணெயைக் காறாமலும் சிக்கு வாடை பிடிக்காமலும் காப்பாற்றிய கதையை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவதில்லை. இன்று கடையில் வாங்கும் எண்ணெய்ப் பாக்கெட்டின் முதுகில், பொடி எழுத்தில், 319 என்றும் 320 என்றும் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு முன்னோர் யார் என்று விசாரித்துக்கொண்டு போனால், அந்தக் கதை மெல்ல மெல்லத் துலங்குகிறது.

பழைய காலத்தில் எண்ணெய்க்கு இருந்த முதற்பெரும் காவல், அது வயதாவதற்குள் செலவாகிவிட்டது என்பதுதான். ஊருக்கு ஊர் வாணியர் செக்கு இருந்தது. கல்லாலான செக்குகள் சிலவற்றில் அவற்றைச் செய்து வைத்தவர் பெயரைப் பொறித்த கல்வெட்டுகள் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் கிடைத்திருக்கின்றன. மரச் செக்கென்றால் வாகை மரத்தைச் சிலாக்கியமாகச் சொல்வார்கள். மாடு சுற்றிவர, எள் நசுங்கிக்கொண்டிருக்கும் சமயம் பார்த்துக் கொஞ்சம் கருப்பட்டியைச் சேர்த்து ஆட்டினால் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிந்து வரும். அந்த எண்ணெயை வெயிலில் வைத்து, கசடெல்லாம் அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் வடித்து, ஜாடியில் ஊற்றி வாய் கட்டி வைப்பார்கள். விளக்குக்கும், தாளிதத்துக்கும், சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குமாகச் செலவு நடந்துகொண்டே இருக்கும். ஆட்டினவனுக்கும் வாங்கினவருக்கும் இடையே ஒரு தெருவின் தூரமே இருந்ததால், காறின எண்ணெயைக் கொடுத்த வாணியர் மறுநாளே வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரசாயனக் காவலைவிட இந்தச் சமூகக் காவல் கண்டிப்பானது என்பது என் அபிப்பிராயம்.

நெய்யின் விஷயம் சற்று வேறு. பால் கறக்கும் காலத்தில் சேர்த்து, பால் வற்றின காலத்துக்கென்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்த பதார்த்தம் அது. ஆகையால் வெண்ணெய் உருக்கும் வீடுகளில், பதம் வரும் தறுவாயில் ஒரு பிடி முருங்கைக்கீரையை உருவிப் போடுவார்கள்; சில வீடுகளில் வெற்றிலை, சில வீடுகளில் கறிவேப்பிலை. மணத்துக்காக என்று சொல்லிக்கொண்டாலும், அந்த இலைகளில் நெய்யின் கெடுதலைத் தாமதப்படுத்தும் சத்துக்கள் இருப்பதைப் பிற்காலத்துப் பால்பண்ணை ஆராய்ச்சிகள் சோதித்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. உருக்கும்போது நீர் முழுவதும் சுண்டிவிடுவதும், அடியில் தங்கும் கசண்டு பொன்னிறமாக வறுபடுவதும்கூட நெய்க்கு ஆயுளைக் கூட்டுபவை. இதையெல்லாம் கண்டுபிடித்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அடுப்படியில் நின்ற தலைமுறைகள்தாம் கண்டுபிடித்தன.

கொழுப்பு ஏன் காறுகிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். எண்ணெயின் மூலக்கூறில் கரியணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அந்தச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புள்ள இடங்களை ஒட்டிப் பிராணவாயு வந்து தாக்குகிறது. தாக்குண்ட மூலக்கூறு தன் பக்கத்திலிருப்பதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்கிக்கொள்ள, அது அடுத்ததிலிருந்து பிடுங்க, இப்படி ஓயாத தொடர்வினையாகப் பரவி, கடைசியில் மூலக்கூறுகள் துண்டுபட்டு, மூக்கைச் சுளிக்க வைக்கும் சிறு பொருள்களாகச் சிதறுகின்றன. வெளிச்சமும், வெப்பமும், செம்பு, இரும்பு போன்ற உலோகத் துணுக்குகளும் இதைத் துரிதப்படுத்தும். பீனால் வகையைச் சேர்ந்த சில பொருள்கள் தங்கள் ஹைட்ரஜனைத் தாங்களே முன்வந்து கொடுத்து அந்தத் தொடரை அறுத்துவிடுகின்றன. முருங்கையிலையில் இருப்பதும் இத்தகைய பொருளே; பாக்கெட்டில் 319 என்று எண்ணிட்டிருப்பதும் இத்தகைய பொருளே.

இந்த ரகசியம் சாஸ்திர உலகத்துக்குப் புலப்பட்டது ஒரு சமையலறையில் அல்ல, யுத்தகளத்தின் பின்கட்டில். முதல் உலக யுத்தத்தின்போது அக்ரோலீன் என்னும் எரிச்சலூட்டும் திரவத்தைக் கண்ணீர்ப்புகையாக உபயோகிக்க முனைந்த பிரெஞ்சுக்காரர், அது குப்பியில் கிடக்கும்போதே மாறிப் பயனற்றுப்போவதைக் கண்டு திகைத்தனர். அதைத் தடுக்க வழி தேடிய சார்ல் மூரே, சார்ல் துஃப்ரேஸ் என்ற இரு ரசாயன அறிஞர்கள், ஹைட்ரோகுவினோன் முதலிய பீனால் பொருள்களை அணுவளவு சேர்த்தாலே போதும், மாறுதல் நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். மனிதரை அழவைக்கும் புகையைப் பத்திரப்படுத்தத் தொடங்கிய ஆராய்ச்சி, பன்றிக் கொழுப்பையும் பிஸ்கோத்தையும் பத்திரப்படுத்துவதில் போய் முடிந்தது. 1930களில் அமெரிக்காவில் குவாயக்கம் என்ற மரத்தின் பிசினைக் கொழுப்பில் சேர்க்க அனுமதித்தார்கள். பிறகு காலிக் அமிலத்திலிருந்து செய்த காலேட்டுகள் வந்தன. 1940களின் கடைசியில் பி.எச்.ஏ. என்று சுருக்கிச் சொல்லப்படும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி அனிஸோல் வந்தது; அதன் சகோதரன் பி.எச்.டி. அடுத்த பத்தாண்டில் வந்தது. ஹைட்ரோகுவினோனின் வழிவந்த டி.பி.எச்.கியூ. 1972இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

இவற்றுள் காலிக் அமிலம் மதுரைக்கு அந்நியமானதன்று. கடுக்காயின் துவர்ப்பிலிருந்து பிறக்கும் அமிலம் அது. சுங்குடிப் புடவைக்குச் சாயமேற்றுமுன் துணியைப் பக்குவப்படுத்தச் சௌராஷ்டிரச் சாயக்காரர் ஊறவைத்த கடுக்காயும், திண்டுக்கல்லில் தோல் பதனிடுவோர் ஆவாரம்பட்டையோடு வாங்கிய கடுக்காயும் இந்தக் குடும்பத்துச் சரக்கே. தோலைக் கெடாமல் காத்த துவர்ப்பு வேறொரு வேஷத்தில் கொழுப்பையும் கெடாமல் காக்கக் கிளம்பியது என்பது சுவையான செய்தி.

இனி நம் சமவெளியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து மணிலாக்கொட்டை என்று பெயர் பெற்ற நிலக்கடலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்காகத் தமிழ்நாட்டில் பெருவாரியாகப் பயிராகத் தொடங்கி, நாளடைவில் உள்ளூர்ச் சட்டியிலும் இடம் பிடித்துக்கொண்டது. விருதுப்பட்டி என்ற ஊர் 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிற்று. எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல் வர்த்தகத்தில் அது அடைந்த செல்வாக்குக்கு, தமிழ்ப் பத்திரிகைகள் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று தனியாக வெளியிட்டு வருவதே அத்தாட்சி. மாட்டுச் செக்கின் இடத்தை இரும்பு ரோட்டரிகளும் எக்ஸ்பெல்லர்களும் பிடித்தன. எண்ணெய் டின்னில் அடைபட்டு ரயிலேறியது. மதுரைக் கீழமாசி வீதியின் மொத்த வியாபாரக் கடைகளில் இறங்கி, அங்கிருந்து கிராமங்களுக்குப் பிரிந்தது. ஆட்டினவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் இடையே தூரமும் காலமும் நீண்டன. எண்ணெய்க்கு வயதாகத் தொடங்கியது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தது வனஸ்பதி. ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் நார்மன் 1902இல் உரிமம் பெற்ற முறைப்படி, நிக்கல் துணைகொண்டு எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பி எண்ணெய் உறைகிறது. பிராணவாயு தாக்கும் இடங்கள் குறைவதால் சீக்கிரம் காறுவதும் இல்லை. கெடுதலைத் தடுக்க மருந்து சேர்ப்பதற்குப் பதிலாக எண்ணெயின் உடம்பையே மாற்றியமைத்த உபாயம் இது. 1937இல் டால்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது ஊரெங்கும் பரவி, அந்தப் பெயரே வனஸ்பதிக்கெல்லாம் பொதுப்பெயராக நின்றுவிட்டது. மஞ்சள் டப்பா காலியான பிறகும் அரிசி அளக்கவும் துளசிச் செடி வைக்கவும் பயன்பட்டது. இருதயத்துக்குப் பகையான டிரான்ஸ் கொழுப்பு அந்த டப்பாவுக்குள் இருந்ததை மருத்துவ உலகம் தெளிவாக உணர மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அன்றைய கவலை வேறு: வெள்ளையாக, மணிமணியாக, பார்வைக்கு நெய் போலவே இருந்த சரக்கை நெய்யோடு கலந்து விற்றால் எவர் கண்டுபிடிப்பார்?

காந்தியடிகள் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். சுதந்திரத்துக்குப் பின் பண்டித தாகூர்தாஸ் பார்கவா வனஸ்பதியைத் தடை செய்யவே மசோதா கொண்டுவந்தார். நெய்யில்லாதவனுக்கு அதுவாவது கிடைக்கட்டும் என்போரும், நெய்யைக் கெடுக்கும் அது நாட்டுக்கே வேண்டாம் என்போரும் வெகுகாலம் வாதாடினார்கள். வனஸ்பதிக்கு நிறம் கொடுத்துவிட்டால் கலப்படம் தெரிந்துவிடுமே என்றார்கள். சாப்பிடத் தகுந்ததாகவும், எளிதில் நீக்க முடியாததாகவும் ஒரு சாயம் அகப்படவில்லை. கடைசியில் கைகொடுத்தது நம்முடைய நல்லெண்ணெய்தான். வனஸ்பதி செய்பவர் ஒவ்வொருவரும் அதில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டும் என்று சட்டம் விதித்தது. போதுவான் பரிசோதனை என்ற ஒன்றுண்டு. சந்தேகத்துக்குரிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுரால் என்ற பொருளும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெயின் சாயல் அதில் இருக்குமாயின் அடியில் தங்கும் அமிலம் ரோஜா நிறமாகச் சிவக்கும். நெய் சுத்தமானால் சிவக்காது. திருடன் எங்கே போனாலும் தன் மடியிலேயே சாட்சியைக் கட்டிக்கொண்டு போகும்படி செய்த சாமர்த்தியம் இது. சர்க்கார் சட்டங்களில் இத்தனை புத்திசாலித்தனத்தை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை.

அந்தச் சிவப்பு எதனால் வருகிறது என்று ஆராய்ந்தவர்கள், எள்ளுக்கே உரிய செஸமோலின் என்ற பொருள் அமிலத்தில் உடைந்து செஸமால் ஆகிறது என்றும், அந்தச் செஸமால்தான் நிறம் காட்டுகிறது என்றும் கண்டார்கள். 1950ஆம் ஆண்டை ஒட்டி அதே செஸமாலைப் பற்றி இன்னொன்றும் வெளிப்பட்டது: அது தேர்ந்த ஆக்ஸிஜன் எதிர்ப்பி. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட நெடுநாள் காறாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். எள்ளை வறுத்தாலும் எண்ணெயைக் காய்ச்சினாலும் செஸமோலின் உடைந்து செஸமால் பெருகுகிறதாகையால், சூட்டுக்கும் அது ஓரளவு ஈடுகொடுக்கிறது. ஆவக்காய்க்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் மேலே ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நிற்க வேண்டுமென்று பாட்டிமார் பிடிவாதம் பிடித்ததில் வெறும் ருசி மட்டும் இல்லை. கலப்படத்துக்குச் சாட்சி சொன்னதும், கெடுதலுக்குக் காவல் நின்றதும் ஒரே பொருள்.

சென்னை ராஜதானியில் கலப்படத் தடைச் சட்டம் 1918இலேயே வந்துவிட்டது. தேசம் முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் நிறைவேறி அடுத்த ஆண்டில் அமலுக்கு வந்தது. அதன் விதிகளுள் 59ஆம் விதி நம் கதைக்கு உரியது. லெசித்தின், அஸ்கார்பிக் அமிலம், டோகோஃபெரால் ஆகிய மூன்றைத் தவிர வேறெந்த ஆக்ஸிஜன் எதிர்ப்பியையும் உணவில் சேர்க்கக் கூடாதென்று கண்டிப்பாகத் தொடங்கிய அந்த விதி, காலக்கிரமத்தில் பல விலக்குகளைச் சேர்த்துக்கொண்டது: சமையல் எண்ணெய்க்குக் காலேட்டுகள் 0.01 சதவிகிதம், பி.எச்.ஏ. 0.02 சதவிகிதம், டி.பி.எச்.கியூ. 0.02 சதவிகிதம் என்று பட்டியல் நீண்டது. குவாயக்கம் பிசினும் அதில் இருந்தது. நெய்க்கும் வெண்ணெய்க்கும்கூடப் பி.எச்.ஏ. அனுமதி கிடைத்தது. ரசகுல்லாவுக்கும் வடைக்குமான உலர்மாவில் அதிலுள்ள கொழுப்பைக் கணக்கிட்டு 0.02 சதவிகிதம் பி.எச்.ஏ. சேர்க்கலாம் என்றும் ஒரு வாசகம் இருந்தது. வங்காளத்து ரசகுல்லாவையும் தெற்கத்தி வடையையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்த அந்தச் சட்டக்காரரின் தேசிய ஒருமைப்பாட்டை மெச்சத்தான் வேண்டும். முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய்யும், காலையில் அரைத்து உச்சியில் விற்றுத் தீரும் வடையும் இந்த விதிக்குள் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அவை வீட்டையும் தெருவையும் விட்டு அலமாரியில் மாதக்கணக்கில் குடியேறியதுதான்.

சுத்திகரித்த எண்ணெயின் வருகை அந்தக் குடியேற்றத்தை முழுமையாக்கிற்று. காரம் சேர்த்து, மண்ணால் வெளுத்து, நீராவி செலுத்தி வாடை போக்கிய எண்ணெய் தண்ணீர் போல் தெளிந்திருக்கிறது. ஆனால் வாடையையும் நிறத்தையும் போக்கும்போது டோகோஃபெரால் முதலிய இயற்கைக் காவலரில் ஒரு பகுதியும் கூடவே போய்விடுகிறது. சூரியகாந்தி போன்ற, இரட்டைப் பிணைப்பு மிகுந்த எண்ணெய்க்கு இது பெருநஷ்டம். போன காவலருக்குப் பதிலாள் போட வேண்டிய நிர்ப்பந்தம் ஆலைக்காரருக்கு உண்டாயிற்று. பதிலாட்களின் பெயர் நீளமாக இருந்ததால் எண்களால் குறித்தார்கள்: 310 புரொப்பைல் காலேட், 319 டி.பி.எச்.கியூ., 320 பி.எச்.ஏ., 321 பி.எச்.டி. சாத்தூர்க் காராச்சேவும் மணப்பாறை முறுக்கும் ஓலைக்கொட்டானிலும் காகிதப் பொட்டலத்திலும் விற்றபோது ஒரு வாரத்துக்குமேல் எதிர்பார்த்தவர் இல்லை; பளபளக்கும் உறையில் மூன்று மாதம், நான்கு மாதம் என்று தேதி அச்சிட்டுக் கப்பலேற்றும்போது எண்ணெயின் ஆயுள் வியாபாரத்தின் ஆயுளாகிவிடுகிறது.

இவ்வளவும் உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியை உலகத்தின் முன் உரக்கக் கேட்டது ஜப்பான். 1982இல் நோபுயுகி இடோ என்பவரின் ஆய்வுக்குழு, ஆகாரத்தில் நூற்றுக்கு 2 பங்கு பி.எச்.ஏ. கலந்து எலிகளுக்கு இரண்டாண்டு கொடுத்து வந்ததில், அவற்றின் முன்வயிற்றில் புற்றுக்கட்டிகள் தோன்றின என்று வெளியிட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் பி.எச்.ஏ.வை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகுப்பில் வைத்தது. டி.பி.எச்.கியூ.வை ஜப்பான் இன்றுவரை உணவில் அனுமதிக்கவில்லை. மறுபக்கத்தில், முன்வயிறு என்ற உறுப்பே மனிதனுக்கு இல்லை என்பதையும், எலி தின்ற அளவு எண்ணெயில் அனுமதித்த அளவுக்கு நூறு மடங்கு என்பதையும், அதுவும் எண்ணெயில் மட்டுமன்றி முழு ஆகாரத்திலும் என்பதையும் நிபுணர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இந்த விவாதத்தில் நம்மவர் அதிகம் பேசாத ஓர் அத்தியாயம் உண்டு. பி.எச்.ஏ.வைச் சோதித்த அதே ஜப்பானிய ஆய்வு மரபில், பின்னர், இயற்கையாகக் கிடைக்கும் பீனால்களையும் அதே வகை எலிகளுக்கு அதே நூற்றுக்கு 2 பங்கு வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். காப்பியிலும் காய்கறிகளிலும் உள்ள காஃபெயிக் அமிலமும் முன்வயிற்றில் கட்டியை உண்டாக்கிற்று. நம் செஸமாலும் உண்டாக்கிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் தலையிலும் இலையிலும் ஊற்றிக்கொண்ட எண்ணெயின் காவலன், சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கிக் குற்றவாளிக்கூண்டில் ஏறி நிற்கிறான்! இதனால் நல்லெண்ணெய் விஷமாகிவிடவில்லை. அதில் உள்ள செஸமாலின் அளவு எலிக்குக் கொடுத்ததற்கு அருகே வருவதே இல்லை. ஆனால், ஆலையில் பிறந்தது நஞ்சு, செடியில் பிறந்தது அமுதம் என்று மேடையில் முழங்குவோர் இந்த எலிகளுக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. மதுரையில் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் மரச்செக்குக் கடைகளை நான் விரும்புகிறவன்தான். என்றாலும், பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கி நீக்காமல் ஆட்டினால் அஃப்லடாக்ஸின் என்ற நஞ்சு சுத்திகரிக்காத எண்ணெயிலும் இறங்கிவிடும் என்பதையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதில் ஐயமற்றதென்று முதல் வகுப்பில் வைத்திருக்கும் பொருள் அது என்பதையும் அங்கே யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை.

அளவைப் பற்றிப் பேசியதால் ஒரு கணக்கையும் போட்டுவிடலாம். உணவுச் சேர்க்கைகளை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு, ஒருவர் ஆயுள் முழுதும் நாள்தோறும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்குப் பி.எச்.ஏ. 0.5 மில்லிகிராம், பி.எச்.டி. 0.3, டி.பி.எச்.கியூ. 0.7. எண்ணெயில் உச்ச அனுமதி கிலோவுக்கு 200 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் பி.எச்.ஏ.வின் எல்லையைத் தொட வேண்டுமானால், உச்ச அளவு சேர்த்த எண்ணெயை நாளொன்றுக்கு 150 கிராம் சாப்பிட வேண்டும்; 30 கிராம் சாப்பிடுகிறவருக்கு எல்லையில் ஐந்தில் ஒரு பங்குதான் சேரும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ 37 கிராம் கொழுப்பிலேயே எல்லை வந்துவிடுகிறது. ஆகவே கவலைப்பட வேண்டியவர் முறுக்கு மென்று செய்தித்தாள் படிக்கும் பெரியவர் அல்லர். பள்ளி விட்டதும் இரண்டு பாக்கெட் வறுவலைக் காலி செய்யும் பேரன்தான். அவனுக்கும் 320ஐக் காட்டிலும் அந்த 37 கிராம் கொழுப்பும், அதோடு வரும் உப்புமே முந்திக்கொண்டு கெடுதல் செய்யும்.

சட்டியில் நடப்பது இன்னும் முக்கியம். பி.எச்.ஏ.வும் பி.எச்.டி.யும் பொரிக்கும் சூட்டில் நீராவியோடு பெரும்பாலும் பறந்துவிடுகின்றன. டப்பாவுக்குள் காத்தவை வாணலியில் கைவிட்டுவிடுகின்றன. தூங்காநகரம் என்று பேரெடுத்த ஊரில், மாலையில் பஜ்ஜி போட்ட எண்ணெயே இரவில் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும், மறுநாள் புது எண்ணெயோடு கலந்து வடைக்கும் போகுமானால், அதில் திரளும் சிதைவுப் பொருள்களை எந்த எண்ணும் தடுக்காது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம், காய்ந்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்ற அந்தச் சிதைவுப் பொருள்கள் மொத்தம் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதை மேற்கொண்டு உபயோகிக்கக் கூடாதென்று விதித்தது. 2018 ஜூலை முதல் தேதி அது அமலுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அப்படிக் கழித்த எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக்கும் திட்டமும் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் அதற்குக் கணக்கெழுதி வைக்க வேண்டும். 50 லிட்டருக்குக் கீழே பொரிக்கும் தள்ளுவண்டிக்காரர் கணக்கெழுத வேண்டியதில்லை; மதுரையின் பலகாரத்தில் பெரும்பகுதி அவருடைய வாணலியிலிருந்துதான் வருகிறது.